கிளிங்கன் மொழியின் வரிவடிவ வரலாறு: அலங்காரக் குறியிலிருந்து எழுத்து வரை

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபில் ‘எழுத்து’ என்னும் சொல் ஒலிவடிவத்திற்கும் வரிவடிவத்திற்கும் பொதுவாக வழங்குகிறது. செவியால் கேட்கப்படுவதும் எழுத்தே. கண்ணால் காணப்படுவதும் எழுத்தே. இயற்கை மொழிகளின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒருசேரத் தோன்றுவதில்லை. ஒலி முந்தியது, வரி பிந்தியது. மக்கள் பல தலைமுறைகளாகப் பேசிவந்த மொழிக்கே வரிவடிவம் அமைகிறது. பல மொழிகளுக்கு அது அமையாமலே போவதும் உண்டு.

இவ்வரிசை தலைகீழாக அமைந்த மொழி ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயிற்று. ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரில் வேற்றுக்கோளினராகப் படைக்கப்பட்ட கிளிங்கன் இனத்தாருக்கென ஆக்கப்பட்ட கிளிங்கன் மொழியே அது. அதன் வரிகள் 1979இல் திரையில் தோன்றின. அதன் ஒலிகளும் இலக்கணமும் 1984இல் வெளிவந்த திரைப்படத்திற்காக வகுக்கப்பட்டன. வரியும் ஒலியும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டது 1990களில்தான். இம்மூன்று நிலைகளுக்குப் பின்னர், அவ்வரிவடிவத்தை எழுத்தாக ஏற்பதா என்னும் வினா உலகத் தரநிலை அமைப்பொன்றின் முன் வைக்கப்பட்டு, 2001இல் மறுக்கப்பட்டது.

புனைவு மொழியொன்றின் எழுத்து மொழியியலார்க்குப் பொருட்படுத்தத் தக்கதா என்னும் ஐயம் எழலாம். இயற்கை மொழிகளில் எழுத்தின் தோற்றம் பெரும்பாலும் தொல்லியல் சான்றுகளிலிருந்து ஊகித்தறியப்படுவதாகும். கிளிங்கன் மொழியிலோ ஒவ்வொரு படிநிலையும் ஆண்டு குறிப்பிடத்தக்க அளவிற்குப் பதிவாகியுள்ளது. ஒரு குறித்தொகுதி எப்போது எழுத்தாகிறது, அதனை எழுத்தென ஏற்பவர் யாவர் என்னும் இரு வினாக்களுக்கு இவ்வரலாறு தெளிவான விடை தருகிறது. அவ்விடையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒலி பெறாத வரி

ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கியது. கிளிங்கன் இனத்தார் 1967இல் அத்தொடரில் முதன்முதலாகத் தோன்றினர். அவர்கள் பேசியது ஆங்கிலமே. அவர்களுடைய போர்க்கலத்தை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் அதன் புறப்பகுதிக்கெனச் சில குறிகளை அமைத்தார். அக்குறிகள் ஒரு மொழியைச் சுட்டுவனவாக அன்றி, பகைநாட்டுக் கலம் என்பதை அடையாளம் காட்டும் சின்னங்களாகவே நின்றன.

1979இல் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்: தி மோஷன் பிக்சர்’ என்னும் திரைப்படத்தின் தொடக்கக் காட்சியில் கிளிங்கன் கலத்தின் உட்புறம் காட்டப்படுகிறது. அங்குள்ள திரைகளில் இடம்பெறுவதற்கென ‘அஸ்ட்ரா இமேஜ்’ என்னும் நிறுவனம் ஒரு குறித்தொகுதியை அமைத்தது. ஜெஃப்ரீஸின் பழைய குறிகளையும் திபெத்திய எழுத்தின் கூரிய முனைகளையும் அடியொற்றி அக்குறிகள் வரையப்பட்டன என்று கூறப்படுகிறது. திபெத்திய எழுத்து பிராமி வழிவந்தது. ஆகவே இந்திய எழுத்துக் குடும்பத்தின் உறுப்பினது. ஆயினும் கடன் பெறப்பட்டது தோற்றம் மட்டுமே. உயிர், மெய், உயிர்மெய் என்னும் பிராமிவழி எழுத்துகளின் உள்ளமைப்பு எதுவும் உடன் வரவில்லை. போர்க்குணம் உடையதாகப் படைக்கப்பட்ட இனத்தாருக்குக் கத்திமுனை போன்ற கோடுகள் பொருத்தமாகத் தோன்றின என்பதே தேர்வுக்குரிய காரணம்.

இத்திரைப்படத்தில் கிளிங்கன் பாத்திரங்கள் பேசும் சில தொடர்களும் ஆக்கப்பட்டன. தொடரில் பொறியாளர் பாத்திரமேற்று நடித்த ஜேம்ஸ் டூஹன் அச்சொற்களை உருவாக்குவதில் முதன்மைப் பங்கேற்றார். ஆயினும் பேசப்பட்ட சொற்களுக்கும் திரையில் காட்டப்பட்ட குறிகளுக்கும் இடையே தொடர்பு ஏதுமில்லை. ஒரே காட்சியில் ஒலியும் வரியும் அருகருகே நின்றன. ஒன்று மற்றொன்றைக் குறிக்கவில்லை.

1987இல் தொடங்கிய அடுத்த தொலைக்காட்சித் தொடரிலும் இக்குறிகள் கலங்களின் சுவர்களிலும் கருவிப் பலகைகளிலும் அலங்காரமாகத் தொடர்ந்து இடம்பெற்றன. அத்தொடரின் வரைகலைப் பணியில் முதன்மை பெற்ற மைக்கேல் ஒக்குடாவே இவற்றை உருவாக்கினார் என்னும் தவறான கருத்து பிற்காலத்தில் பரவியதற்கு இதுவே காரணமாகும். இடைப்பட்ட 1980இல் ஜெஃப்ரி மாண்டெல் தொகுத்த கையேடொன்றில் முற்றிலும் வேறான ஒரு கிளிங்கன் எழுத்துத் தொகுதி வெளிவந்தது. ஒரே புனைவு இனத்தாருக்கு இரு வேறு வரிவடிவங்கள் வழங்கியபோதிலும் எவருக்கும் இடர் நேரவில்லை. படிப்பவர் எவரும் இல்லாத நிலையில் எழுத்துகளுக்கிடையே முரண் தோன்ற வழியில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

3. வரி பெறாத ஒலி

கிளிங்கன் மொழிக்கு இலக்கணம் வகுத்த மார்க் ஓக்ராண்ட் மொழியியல் பயின்றவர். கலிபோர்னியாவின் பழங்குடி மொழிகளுள் ஒன்றாகிய முட்சுன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து 1977இல் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வுக் காலத்தில் முட்சுன் மொழியைப் பேசுவோர் எவரும் இல்லை. மொழியறிவு மிக்க இறுதிப் பேச்சாளராகிய அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் மறைந்தார். அவரிடமிருந்து ஜான் ஹாரிங்டன் எழுதிக்கொண்ட குறிப்புகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெலிப்பே அர்ரோயோ தெ லா குவெஸ்தா என்னும் பாதிரியார் தொகுத்த சொல்தொகுதியும் இலக்கணக் குறிப்புகளுமே சான்றுகளாக எஞ்சியிருந்தன. எனவே ஓக்ராண்டின் முதல் பெரும்பணி, ஒலி மறைந்துபோன ஒரு மொழியை அதன் எழுத்துப் பதிவுகளிலிருந்து மீட்டெடுப்பதாக அமைந்தது.

பின்னர் அவர் செவிப்புலன் குறைந்தோர்க்காகத் தொலைக்காட்சி உரையாடல்களை எழுத்துவடிவில் திரையில் தரும் நிறுவனமொன்றில் பணியாற்றினார். அப்பணி அவரைத் திரையுலகோடு இணைத்தது. 1982இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் வரிசையின் இரண்டாம் படத்தில், ஆங்கிலத்தில் பேசி நடித்து முடிக்கப்பட்ட காட்சியொன்றிற்கு, நடிகர்களின் இதழசைவோடு பொருந்துமாறு வல்கன் மொழித் தொடர்களை ஆக்கித் தந்தார். அதன் பயனாக, 1984இல் வெளிவந்த மூன்றாம் படத்திற்குக் கிளிங்கன் மொழியை முறையாக வகுக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் படத்தில் இடம்பெற்ற சொற்களை அவர் புறக்கணிக்கவில்லை. அவற்றின் ஒலிகளை அடிப்படையாகக் கொண்டு ஒலியன் தொகுதியை விரிவாக்கினார். 1985இல் ‘கிளிங்கன் அகராதி’ வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட பதிப்பு 1992இல் வெளியாயிற்று.

இம்மொழியில் 21 மெய்யொலியன்களும் 5 உயிரொலியன்களும் உள்ளன. தனித்தனியே நோக்கினால் இவை அனைத்தும் மனித மொழிகளில் காணப்படுபவையே. அவற்றின் சேர்க்கையே இயல்புக்கு மாறானது. ஒலிப்பில்லா நுனிநா வெடிப்பொலி உண்டு. அதற்கு இணையான ஒலிப்புடைய நுனிநா வெடிப்பொலி இல்லை. ஒலிப்புடைய நாவளை வெடிப்பொலி உண்டு. ஒலிப்பில்லா நாவளை வெடிப்பொலி இல்லை. நாவளை உரசொலி ஒன்று உண்டு. நாவளை மூக்கொலியும் நாவளை மருங்கொலியும் இல்லை. ட, ண, ள, ழ என நாவளை ஒலிகள் ஓர் ஒழுங்கில் அமைந்த தமிழை அறிந்தோர்க்கு இவ்விடைவெளிகள் எளிதில் புலப்படும். ககரத்தை ஒத்த கடையண்ண வெடிப்பொலி இம்மொழியில் இல்லவே இல்லை. ‘கிளிங்கன்’ என்னும் பெயரே ஆங்கில நாவிற்கு ஏற்பத் திரிந்த வடிவமென்றும், மூலமொழியில் அது மருங்கு வெடிப்புரசொலியில் தொடங்குவதென்றும் கொள்ளப்படுகிறது. மொழியியலார் வழக்கமாக எதிர்பார்க்கும் ஒலிச் சமன்பாடுகளை அறிந்தே மீறி, வேற்றுமையை ஓக்ராண்ட் உருவாக்கினார் எனலாம்.

இங்ஙனம் ஒலி முழுமை பெற்றது. வரியோ பெறவில்லை. கிளிங்கன் மக்களின் எழுத்துமுறைக்குப் ‘பிக்காட்’ என்பது பெயர் என அகராதி குறிப்பிடுகிறது. அவ்வெழுத்துமுறை இன்னும் நன்கு அறியப்படவில்லை என்று கூறி, உரோமன் எழுத்தைக் கையாளும் ஒலிபெயர்ப்பு முறையொன்றை அது பயன்படுத்துகிறது. திரையில் ஏற்கெனவே காட்டப்பட்ட குறிகளுக்குப் பெயர் கிட்டியது, ஒலிமதிப்பு கிட்டவில்லை.

4. ஒலிபெயர்ப்பே எழுத்தானமை

நடிகர்கள் படித்துப் பேசுவதற்கென அமைக்கப்பட்ட இந்த உரோமன் ஒலிபெயர்ப்பு, அகராதி வெளிவந்தபின் மொழியைக் கற்போரின் எழுத்தாகவே நிலைபெற்றது. மொழியியல் நோக்கில் இம்முறை கவனத்திற்குரிய சில பண்புகளைக் கொண்டுள்ளது.

முதலாவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இங்கு ஒலியனை வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து தொடரின் தொடக்கத்தையும் இயற்பெயரையும் காட்டும்; ஒலியை மாற்றாது. கிளிங்கன் ஒலிபெயர்ப்பிலோ நாவளை வெடிப்பொலி, நாவளை உரசொலி, கடையண்ண உரசொலி முதலியன எப்போதும் பெரிய எழுத்தாலேயே எழுதப்படுகின்றன. ஆங்கில ஒலியினின்றும் வேறுபட்டு ஒலிக்க வேண்டும் என்று படிப்பவரை எச்சரிப்பதே இதன் நோக்கம். ‘கியூ’ என்னும் எழுத்தோ இரு வடிவிலும் வருகிறது. சிறியது உள்நாக்கு வெடிப்பொலியையும், பெரியது உள்நாக்கு வெடிப்புரசொலியையும் குறிக்கும். ‘வற்புறுத்து’ எனப் பொருள்படும் வினைக்கும் ‘இயங்கு, வெற்றி பெறு’ எனப் பொருள்படும் வினைக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு இந்த ஒன்றே.

இரண்டாவது, நான்கு ஒலியன்கள் கூட்டெழுத்துகளால் எழுதப்படுகின்றன. மூன்று ஒலியன்கள் ஈரெழுத்துகளாலும், மருங்கு வெடிப்புரசொலி மூன்றெழுத்துகளாலும் குறிக்கப்பெறும். கூட்டெழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது மயக்கம் நேருமோ என ஐயுறலாம். ‘என்’, ‘ஜி’, சிறிய ‘எச்’ ஆகிய மூன்றும் தொடர்ந்து வந்தால் அதனை எங்கே பிரிப்பது? சிறிய ‘எச்’ இம்முறையில் தனித்து வருவதில்லை. ஆதலின் ‘என்’ தனித்து நிற்க, ‘ஜி, எச்’ கூட்டெழுத்தாகும். அங்கு வருவது பெரிய ‘எச்’ ஆயின், ‘என், ஜி’ கூட்டெழுத்தாகிப் பெரிய ‘எச்’ தனி ஒலியனாகும். மயக்கம் நீங்குகிறது, ஆனால் அது பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையே முற்றிலும் சார்ந்து நீங்குகிறது.

மூன்றாவது, குரல்வளை அடைப்பொலி மேற்கோள் குறி போன்ற தனிக்குறியால் எழுதப்படுகிறது. இது சொல்லின் உறுப்பாகிய மெய்யெழுத்து. கணினி நிரல்களோ இதனை நிறுத்தக்குறியாகக் கருதி, சொல்லை அவ்விடத்தில் துண்டிக்கக் கூடும். அவ்வாறே, எழுத்துகள் அனைத்தையும் சிறிய எழுத்தாக மாற்றித் தேடும் நிரல்களில் மேற்கூறிய இரு வினைகளும் ஒன்றாகிவிடும். மேலும், முனைக்கோடுகள் இல்லாத அச்செழுத்துகளில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் ஒரே கோடாகக் காட்சியளிக்கும். கிளிங்கனில் முன்னது எப்போதும் உயிர். பின்னது எப்போதும் மெய்.

இவ்விடர்களைக் களைய, பயில்வோரிடையே மாற்று உரோமன் முறையொன்று தோன்றியது. ஒலியன்கள் 26, உரோமன் எழுத்துகளும் 26. ஒலியன் ஒன்றுக்கு எழுத்து ஒன்று என வகுத்தால் எதுவும் எஞ்சாது. மருங்கு வெடிப்புரசொலிக்கு ‘எக்ஸ்’, ஙகர ஒலிக்கு ‘எஃப்’, குரல்வளை அடைப்பொலிக்கு அகரவரிசையின் இறுதியெழுத்து என இம்முறை அமைகிறது. படிப்பதற்கு இது விரும்பப்படவில்லை. தட்டச்சுப் பலகையில் பிக்காட் எழுத்துகளை உள்ளிடும் முறையாகவே பயன்பட்டது. ஒலியனோடு கூடுதலாகப் பொருந்துவதால் மட்டும் ஓர் எழுத்துமுறை வெற்றி பெறுவதில்லை. அகராதியில் முதலில் அச்சாகிப் பழகிய வடிவம், குறைகள் உடையதாயினும் நிலைத்துவிடுகிறது.

5. வரியும் ஒலியும் இணைதல்

1992இல் லாரன்ஸ் ஷோன் என்பாரால் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளிங்கன் மொழிக் கழகம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலிருந்தே அக்கழகம் மொழி ஆய்வுக்கெனக் காலாண்டிதழ் ஒன்றையும் வெளியிட்டது. இதே காலப்பகுதியில் பிக்காட் குறிகளுக்கு ஒலிமதிப்பு தரும் பட்டியல் ஒன்று கழகத்தின் வழியாகப் பரவியது. திரைப்பட நிறுவனத்தைச் சார்ந்த, பெயர் வெளியிடாத ஒருவரிடமிருந்து அப்பட்டியல் வந்தது என்பது வழக்கிலுள்ள செய்தி. ஓக்ராண்டின் 26 ஒலியன்களுக்கும் தனித்தனிக் குறிகள். எண்களுக்கு 10 குறிகள். உரோமனில் கூட்டெழுத்தாக நின்ற நான்கு ஒலியன்களும் இங்கு ஒற்றை எழுத்துப் பெற்றன. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு முற்றிலும் மறைந்தது. 1990களில் ஸ்கைபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சேகரிப்பு அட்டைகளிலும் கிளிங்கன் தொடர்கள் இத்தகைய எழுத்தில் அச்சாயின.

இப்பொருத்தத்தின் விளைவு நுட்பமானது. 1979ஆம் ஆண்டுப் படத்தின் திரைகளில் உள்ள குறிகளை இப்பட்டியலைக் கொண்டு படிக்க முயன்றால் பொருளற்ற எழுத்துத் தொடர்களே கிட்டும். பட்டியலுக்குப் பின் எழுதப்பட்டவையோ பொருள் தரும். கோடுகளில் மாற்றமில்லை, படிப்போர் தோன்றினர் என்பதே மாற்றம். வரிவடிவம், ஒலிவடிவம் ஆகிய இரண்டோடு, அவ்விரண்டையும் இணைத்துக் காணும் உடன்பாடு கொண்ட மக்கள் கூட்டமும் எழுத்திற்கு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

எனினும் இம்மக்கள் கூட்டம் அன்றாட வழக்கில் உரோமன் எழுத்தையே பெரிதும் கையாண்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் கிளிங்கன் பெயர்ப்பு கழகத்தின் வெளியீடாக 1996இலும், பெருவணிகப் பதிப்பாக 2000இலும் வெளிவந்தது. நாடகப் பனுவல் உரோமன் ஒலிபெயர்ப்பிலேயே அமைந்தது. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட சூழல் தெளிவானது. பிக்காட்டில் அச்சிட்டால் படிப்பவர் மிகச் சிலரே. உரோமனில் அச்சிட்டால் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் படிக்கலாம். ஆனால் பிக்காட் படிப்போரின் தொகை அதனால் பெருகாது. இத்தேர்வு பின்னர் ஒரு தீர்ப்பின் அடிப்படையாக மாறியது.

6. ஒருங்குறி விண்ணப்பமும் மறுப்பும்

உலக எழுத்துகள் அனைத்திற்கும் கணினியில் பொதுவான குறியெண் வழங்கும் முயற்சியே ஒருங்குறி. எழுத்தறிஞர் மைக்கேல் எவர்சன் 1997இல் பிக்காட்டை ஒருங்குறியில் சேர்க்குமாறு முன்மொழிந்தார். அதற்கு முந்திய ஆண்டாகிய 1996இலேயே லினக்ஸ் இயங்குதளம் கிளிங்கன் எழுத்துகளுக்கென இடம் ஒதுக்கியிருந்தது. ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் 48 இடங்கள் கொண்ட அந்நிரலே, எவர்சனும் ஜான் கோவனும் பேணிவந்த புனைவெழுத்துப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. தனிப்பயன் பகுதி என்பது எவரும் தம்முள் உடன்பட்டுப் பயன்படுத்திக்கொள்ளத் தக்க பொதுநிலம் போன்றது. அங்கு வைக்கப்பட்ட எழுத்துக்கு உலகளாவிய உறுதி கிடையாது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அது வெற்றுக் கட்டமாகவோ வேறொரு குறியாகவோ தோன்றும்.

2001இல் ஒருங்குறித் தொழில்நுட்பக் குழு விண்ணப்பத்தை மறுத்தது. பிக்காட் கருத்துப் பரிமாற்றத்திற்கு ஏறத்தாழப் பயன்படவில்லை என்பதும், கிளிங்கன் அறிந்தோரில் மிகப் பெரும்பாலோர் உரோமன் எழுத்தையே விரும்பி எழுதுகின்றனர் என்பதும் மறுப்பிற்குரிய காரணங்களாகும்.

ஒருவரால் வலிந்து ஆக்கப்பட்ட எழுத்து என்பது இம்மறுப்பிற்குக் காரணமாகக் கூறப்படவில்லை. அதே 2001இல் வெளியான ஒருங்குறியின் 3.1ஆம் பதிப்பில் டெசெரெட் எழுத்து இடம்பெற்றது. ஆங்கிலத்தை ஒலிமுறையில் எழுதுவதற்கென 1850களில் அமெரிக்காவின் யூட்டா நிலப்பகுதியில் ஆக்கப்பட்ட அவ்வெழுத்தில் 1868, 1869 ஆகிய ஆண்டுகளில் சில நூல்கள் அச்சாயின, பின்னர் வழக்கொழிந்தது. பெர்னார்ட் ஷாவின் இறுதிமுறியை ஒட்டி உருவான ஷேவியன் எழுத்து 2003இல் ஏற்கப்பட்டது. அதில் அச்சான நூல்களுள் புகழ்பெற்றது 1962ஆம் ஆண்டின் நாடகப் பதிப்பு ஒன்றே. எனவே ஆக்கியவர் யார் என்பதும், எழுதப்படும் மொழியைப் பேசுவோர் எத்தனை பேர் என்பதும் தனித்து முடிவு செய்யவில்லை. அவ்வெழுத்தில் அச்சாகி எஞ்சியுள்ள பனுவல்கள் உண்டா என்பதே கனம் மிக்க சான்றாக அமைந்தது.

குழுவின் எச்சரிக்கை உணர்விற்கு நியாயம் உண்டு. ஒருங்குறியில் ஒருமுறை வழங்கப்பட்ட குறியெண் பின்னர் நீக்கப்படுவதில்லை. வழக்கில் நிலைக்காத எழுத்துக்கு நிலையான இடம் தருவதற்குத் தயங்குவது இயல்பே. ஆயினும் பயன்பாட்டைச் சான்றாகக் கேட்கும் அளவுகோல் ஒரு வட்டத்தையும் உருவாக்குகிறது. குறியெண் இல்லாத எழுத்தில் கடிதம் எழுதவும், தேடவும், அச்சிடவும் இயலாது. இயலாதபோது மக்கள் உரோமனை நாடுவர். உரோமனை நாடினர் என்பதே குறியெண் மறுப்பதற்குச் சான்றாகும். விருப்பமின்மையால் எழுதாமையும் வசதியின்மையால் எழுதாமையும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். அவற்றைப் பிரித்தறிவது சான்றுகளை எண்ணுவதால் மட்டும் கைகூடாது.

7. மறுப்பிற்குப் பின்

மறுப்போடு வரலாறு முடிவுறவில்லை. 2004இல் கிளிங்கன் மொழிக்கு அனைத்துலக மொழிக் குறியீட்டுத் தரநிலையில் மூன்றெழுத்துக் குறியீடு வழங்கப்பட்டது. 2011இல் பிக்காட்டிலும் உரோமனிலும் பாடங்களைத் தரும் கிளிங்கன் மொழிப் பயிற்சிக் குறுந்தகடு வெளியாயிற்று. 2013இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் மொழிபெயர்ப்பியில் கிளிங்கன் சேர்க்கப்பட்டது. அது உரோமன், பிக்காட் ஆகிய இரு வடிவங்களையும் தந்தது. பிக்காட் வடிவிற்குத் தனிப்பயன் பகுதியின் குறியெண்களே கைகொடுத்தன. 2015இல் எழுத்துமுறைகளுக்குப் பெயர்க்குறியீடு வழங்கும் அனைத்துலகத் தரநிலையில் பிக்காட் இடம்பெற்றது. இவ்வாறு மொழிக்குப் பெயர் உண்டு, எழுத்துமுறைக்கும் பெயர் உண்டு, தனித்தனி எழுத்துகளுக்கு மட்டும் இடமில்லை என்னும் நிலை ஏற்பட்டது.

2016இல் புதிய முன்மொழிவு ஒன்று ஒருங்குறிக் குழுவிற்கு அனுப்பப்பட்டது. 2001க்குப் பின் பெருகிய பயன்பாட்டை அது எடுத்துரைத்தது. இம்முறை முன்னுக்கு வந்தது உரிமை பற்றிய வினா. எழுத்துகள் முதலில் தோன்றியது திரைப்பட நிறுவனமொன்றின் படைப்பில். எனவே அவற்றைப் பொதுத் தரநிலையில் சேர்ப்பது சட்டச் சிக்கலுக்கு இடந்தருமோ என்னும் தயக்கம் நீடித்தது.

இதே காலத்தில் நீதிமன்றத்திலும் இவ்வினா எழுந்தது. ஸ்டார் டிரெக் உலகத்தை அடியொற்றி ஆர்வலர் குழுவொன்று எடுக்க முற்பட்ட ‘ஆக்ஸனார்’ திரைப்படத்தின் மீது பாரமவுண்ட், சி.பி.எஸ். ஆகிய நிறுவனங்கள் 2015 திசம்பரில் வழக்குத் தொடுத்தன. உரிமை கோரப்பட்ட கூறுகளின் பட்டியலில் கிளிங்கன் மொழியும் இடம்பெற்றது. மொழி ஆக்கக் கழகம் என்னும் அமைப்பு 2016இல் நீதிமன்றத்திற்கு அளித்த கருத்துரையில், மொழி என்பது கருத்தை வெளியிடும் அமைப்பாதலின் அது எவர்க்கும் தனியுடைமை ஆகாது என வாதிட்டது. வழக்கு 2017 சனவரியில் உடன்பாட்டில் முடிந்தது. மொழி பற்றிய வினாவிற்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. விடை கிட்டாத வினாவே தடையாக நிற்பதால், பிக்காட் ஒருங்குறியில் இடம்பெறாமலே உள்ளது.

அகராதி ஒரு நூல். அதற்கு ஆசிரியர் உண்டு, உரிமையும் உண்டு. அந்நூலைக் கற்று ஒருவர் எழுதும் கடிதம் யாருக்கு உரியது என்பதில் ஐயமில்லை. அக்கடிதம் எழுதப்பட்ட எழுத்து யாருக்கு உரியது என்னும் வினாவோ இயற்கை மொழிகளின் வரலாற்றில் எழ வாய்ப்பில்லாதது. ஆக்கியோன் பெயர் அறியப்பட்ட எழுத்துகளிலும், வழக்கில் வந்தபின் உரிமை மக்களுக்கே சென்றுள்ளது. 1821இல் செரோக்கி எழுத்தை வகுத்த செக்கோயாவின் பெயர் நிலைத்தது. எழுத்தோ செரோக்கி மக்களுடையதாயிற்று. ஏழாண்டுகளில், 1828இல், அவ்வெழுத்தில் செய்தித்தாளும் வெளிவந்தது.

8. முடிவுரை

இந்தியச் சூழலில் இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று. சந்தாலி மொழிக்கென இரகுநாத் முர்மு 1925இல் வகுத்த ஒல் சிக்கி எழுத்து 2008இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது. பல இலட்சம் மக்கள் பேசும் வாழும் மொழியின் எழுத்தையும் திரைப்படத்திற்காக ஆக்கப்பட்ட மொழியின் எழுத்தையும் தகுதியால் ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் இரண்டும் கடக்க வேண்டிய வாயில் ஒன்றே. சிறு மொழிகளின் எழுத்துகளுக்காக வாதிடுவோர், அவ்வாயிலில் எவ்வகைச் சான்று கேட்கப்படுகிறது என்பதைப் பிக்காட்டின் வரலாற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று. வரிவடிவம் தனித்து நின்றால் அது சித்திரம். ஒலிமதிப்பு பெற்றால் அது குறியீடு. அதனைக் கொண்டு ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கும்போதே அது எழுத்தாகிறது. பிக்காட் முதல் நிலையை 1979இலும், இரண்டாம் நிலையை 1990களிலும் அடைந்தது. மூன்றாம் நிலையைச் சிறிய அளவிலேனும் அடைந்துள்ளது. இரண்டாவதாக, தற்காலிக உதவியாகத் தொடங்கும் ஒலிபெயர்ப்பு, அகராதியிலும் மொழிபெயர்ப்பிலும் இடம்பெற்றுவிடின், அதுவே எழுத்தாகி மூல எழுத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். எழுத்தில்லா மொழிக்கு அகராதி தொகுப்போரும் நூல் பெயர்ப்போரும் தாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு குறியும் அம்மொழியின் வருங்காலத்தைப் பிணிக்கவல்லது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். மூன்றாவதாக, பயன்பாட்டை அளவுகோலாகக் கொள்ளும் அமைப்புகள், பயன்பாட்டிற்கான வசதி முன்னர் இருந்ததா என்பதையும் உடன்சேர்த்து ஆராய்தல் வேண்டும். எழுதும் கருவி வழங்கப்படாத மக்களிடம் எழுதிய பனுவலைச் சான்றாகக் கேட்பது முறையான ஆய்வாகாது.